தறி நூலில் கட்டிய ஆறு கன்றுகள்

அரங்கசாமியை எனக்குத் தெரியவந்தது அவர் மனைவி ராமாமணியின் காலில் வந்த சர்க்கரைப் புண்ணால். நான் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். 1996ஆம் வருடம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சூலூரில் பஸ் ஏறி, சோமனூர் போய் அந்தப் புண்ணின் கட்டை மாற்றிவிட்டு வருவேன்.

அரங்கசாமிக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. பதினாறு வயதில் கூலிக்குத் தறி ஓட்ட வந்து, பின்னால் சொந்தமாக எட்டு விசைத்தறி போட்டவர். தறிகளை மகன் சுரேந்தரிடம் ஒப்படைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் சட்டைப் பையில் ஒரு நூல்கண்டு இருந்துகொண்டே இருக்கும். கண்ணில் எது தொய்வாகப் பட்டாலும் இழுத்துக் கட்டிவிடுவார். கொடிக்கயிறு, கதவுத் திரை, என் பையின் வார் எதுவும் தப்பாது.

வீட்டுக்கு மேற்கே பத்து சென்ட் காலி இடம். ராமாமணி படுத்திருந்த அறையின் சன்னல் அந்தப் பக்கம்தான். மதியத்துக்கு மேல் வெயில் நேராகக் கட்டிலில் விழும். முந்தின ஐப்பசி மழையில் அரங்கசாமி அங்கே ஆறு கன்றுகள் நட்டார். இரண்டு வேம்பு, இரண்டு புங்கன், ஒரு நெல்லி, ஒரு சப்போட்டா. அதே இடத்தில் நான்கு தறிக்கு ஷெட் போட வேண்டும் என்பது சுரேந்தரின் எண்ணம். கடைசியில் இருவரும் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். ஆடிக் காற்றைத் தாண்டி ஆறு கன்றும் நின்றால் இடம் மரங்களுக்கு. இல்லாவிட்டால் ஆவணியில் ஷெட்டுக்கு அஸ்திவாரம்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்று எங்கள் பக்கத்தில் கூரைத் தகரத்தையே கழற்றிப்போடும். அதனால் அரங்கசாமி ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு மூங்கில் குச்சி ஊன்றி, அடியிலிருந்து நுனிவரை ஏழெட்டு இடங்களில் பாலியெஸ்டர் நூலால் இறுக்கிக் கட்டினார். மட்காத நூல், அவிழாத முடிச்சு.

ஆனி மாதம் ஒரு நாள் கை கழுவக் கொல்லைப் பக்கம் போனபோதுதான் அவற்றைக் கவனித்தேன். தோள் உயரம் வளர்ந்தும் தண்டு சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. ஒரு புங்கனில் நூல் பட்டையை அறுத்து உள்ளே போய், அதற்கு மேலே தண்டு வீங்கியிருந்தது.

"ஏனுங்க, இதை யாரு இப்படிக் கட்டுனது?"

"நான்தானுங்க. இம்மியும் அசையாது, பாருங்க."

"அசையோணுமுங்க. மாவுக்கட்டுப் போட்ட காலை அப்படியே வெச்சிருந்தா சூம்பிப் போவுமல்லங்க? இதும் சூம்பித்தான் கெடக்குது."

"காலு வேற, மரம் வேறங்க நர்சம்மா."

சன்னலுக்குள்ளிருந்து ராமாமணியின் குரல் வந்தது. "நாப்பது வருசமா என்னையும் அப்படித்தானுங்க கட்டி வெச்சிருக்கறாரு. நான் சூம்பலீங்க, ஊதிப்போட்டேன்."

அரங்கசாமி ஒரே ஒரு கன்றை மட்டும் அவிழ்த்துவிடச் சம்மதித்தார். வாசல் பக்கத்து வேம்பு. என் கத்தரிக்கோலால் எல்லா முடிச்சுகளையும் வெட்டி, குச்சியையும் பிடுங்கிவிட்டேன்.

அடுத்த முறை போனபோது அவர் வாசலிலேயே நின்றார். "வாங்க. உங்க வைத்தியம் படுத்திருக்குது, வந்து பாருங்க."

வேம்பு வளைந்து மண்ணில் தலையை வைத்திருந்தது. தப்பு என்னுடையது. மாவுக்கட்டுப் பிரித்த அன்றே யாரையும் நான் நடக்கவிட்டதில்லை. மரத்துக்கு அந்த யோசனை வரவில்லை. அதை அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

பிறகு பழைய வேட்டி ஒன்றை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்தோம். கன்றுக்கு இரண்டு பக்கமும் குச்சி நட்டு, பாதி உயரத்தில் ஒரே ஒரு கட்டு, துணிக்கும் தண்டுக்கும் இடையே விரல் நுழையும்படி. நுனியில் ஒரு சாண் வெட்டிப் பாரத்தைக் குறைத்தோம். வாரம் ஒரு முறை கட்டைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும் என்றேன். ஆறுக்கும் அப்படியே செய்தார், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

மறுமுறை போனபோது எந்தக் கட்டுக்குள்ளும் என் விரல் நுழையவில்லை. "நீங்க பஸ் ஏறுனதும் போயி இறுக்கிப்போட்டாருங்க," என்றார் ராமாமணி. அதற்கடுத்த முறையும் அதே கதை. அந்த அம்மாள் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். "அந்தக் கட்டெல்லாம் தளர்த்தட்டும். அதுவரைக்கும் என்ர காலை யாரும் தொடக்கூடாது."

அரங்கசாமி என்னைப் பார்த்தார். நான் கட்டுத்துணியை மடித்துப் பைக்குள் வைத்தேன். அவர் எழுந்து போய் ஆறையும் தளர்த்திவிட்டு வந்தார். அதன்பின் இறுக்குவதற்கு அவர் கை அங்கே போகவில்லை.

ஆடி நடுவில் மூன்று நாள் விடாத காற்று. கரண்ட் போய்த் தறிகள் நின்றன. நூல் அறுத்திருந்த புங்கன் சரியாக அந்தக் காயத்திலேயே முறிந்தது. மற்ற ஐந்தும் ஆடின, சாய்ந்தன, நிமிர்ந்தன.

ஆவணி பிறந்ததும் சுரேந்தர் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு டேப்புடன் வந்தார். நான் உள்ளே கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். சன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. மகன் வாயைத் திறக்கும் முன்பே அரங்கசாமி சொன்னார்: "ஒண்ணு போச்சு கண்ணு. பேச்சுன்னா பேச்சு. தோண்டிக்க."

ராமாமணி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

சுரேந்தர் வாசல் வேம்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "அஞ்சு நிக்குதல்லங்கப்பா."

"ஆறுன்னுதான சொன்னது?"

"ஒடஞ்சது நின்ன எடம் எனக்கு, நிக்கறது உங்களுக்கு. அந்த மூலையில ரெண்டு தறி போட்டாப் போதும். அம்மாவுக்கும் சத்தம் கொஞ்சம் எட்டத்துல போவும்."

கொத்தனார் தென்மேற்கு மூலையில் கயிறு பிடித்தார். அரங்கசாமி அதையும் மரங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மேக்குச் செவுரை மூணடி ஒசத்திக் கட்டு," என்றார்.

"தறிக்கு எதுக்குங்கப்பா அத்தனை ஒசரம்?"

"காத்துக்கு மறைப்பாகுமல்ல."

"அப்ப நான் ஷெட்டுக் கட்டறது உங்க மரத்துக்குங்களா?"

"ரெண்டுக்குந்தான். கட்டு."

யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் கொத்தனார் சுரேந்தரைப் பார்த்தார். சுரேந்தர் தலையை ஆட்டினார். மூன்றடி கூட்டிக் கட்டினார்கள்.