சாக்குக்கு ஒரு கிலோ

எங்கள் வலயத்தில் கணிதத் துணைநூல் ஒன்று தயாராகிறது, அதில் என் பாடமும் வரப்போகிறது என்ற செய்தி, காலையில் ராகலையிலிருந்து என்னோடு பஸ் ஏறுகிற அத்தனை பேருக்கும் தெரியும். நான்தான் சொன்னேன். கேட்காதவர்களுக்கு இரண்டு முறை சொன்னேன்.

விஷயம் இதுதான். பாடப்புத்தகக் கணக்குகளில் படகும் இறாலும் தென்னந்தோப்பும் வந்துகொண்டே இருக்கும். இறாலை எங்கள் பிள்ளைகள் பார்த்தது நூடில்ஸ் பக்கெட்டின் படத்தில்தான். ஆகவே பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடமும் எங்கள் வலயக் கல்விப் பணிமனையும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தன. தேயிலைத் தோட்டப் பாடசாலை ஆசிரியர்களே தங்கள் பிள்ளைகளின் வாழ்க்கையிலிருந்து பாடம் எழுதவேண்டும். பல்கலைக்கழகத்தார் சனிக்கிழமைகளில் வந்து எங்களோடு உட்கார்ந்து அதைச் செப்பனிடுவார்கள். ஒரே ஒரு நிபந்தனை. எழுதியவர் தன் வகுப்பில் நடத்திக் காட்டவேண்டும். பிள்ளைகளுக்குப் பிடிபட்டால் பாடம் புத்தகத்துக்குப் போகும். பிடிபடாவிட்டால் என்னோடு வீட்டுக்கு வரும்.

நான் எடுத்துக்கொண்டது நான்காம் வகுப்புக் கூட்டல். கேள்வியை எழுதி முடித்ததும் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. 'ஓர் அம்மா காலையில் எட்டுக் கிலோ, பகலில் ஏழு கிலோ, மாலையில் ஆறு கிலோ கொழுந்து பறித்தார். அன்று அவர் பேரில் எத்தனை கிலோ பதியப்படும்?' படகு இல்லை, இறால் இல்லை. முழுக்க முழுக்க மலை.

எங்கள் பாடசாலை விஞ்ஞான டீச்சர் அதை வாசித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குங்க சேர். ஆனா ஒங்க மூஞ்சப் பார்த்தா தேயிலையையே நீங்கதான் கண்டுபிடிச்ச மாதிரி இருக்கு" என்றார்.

"பொறாமைப்படாதீங்க டீச்சர். புத்தகம் வந்ததும் ஒங்களுக்குக் கையெழுத்துப் போட்டே தர்றேன்."

"பென்சில்ல போடுங்க. அழிச்சிட்டு நான் பாவிக்கலாம்."

நடத்திக் காட்டும் நாள் வந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து விரிவுரையாளர் ஒருவர் வந்திருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை மேடம் என்போம். அவரும் எங்கள் டீச்சரும் கடைசி பெஞ்சில், முழங்கால் மேசையில் இடிக்க, ஒடுங்கி உட்கார்ந்தார்கள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்து முன் வரிசையில் இடம் பிடித்துக்கொண்டது. நான் புதுச் சட்டையில் விறைப்பாக நின்றேன். கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, ஒரு நாடக நடிகனின் குரலில் வாசித்தேன். பிள்ளைகள் உற்சாகமாகக் குனிந்து எழுதினார்கள். ஆகா, பிடிபட்டுவிட்டது என்று மேடத்தைப் பார்த்து லேசாகச் சிரித்தும் வைத்தேன்.

பிறகு மேசை மேசையாக நடந்தேன்.

பதினெட்டு. அடுத்த கொப்பி, பதினெட்டு. அதற்கடுத்ததும் பதினெட்டு. ஜன்னலோரம் ஒருவன் மட்டும் பதினைந்து. இருபத்தொன்று என்று எழுதிய பிள்ளை ஒன்றுகூட இல்லை. எட்டையும் ஏழையும் ஆறையும் கூட்டத் தெரியாத வகுப்பை நான் இத்தனை மாதம் கட்டி மேய்த்திருக்கிறேன்! என் பாடம் கைப்பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவது கண்ணுக்குத் தெரிந்தது. நாளைக்குப் பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வரலாமா என்றுகூட யோசித்தேன்.

"ஒருத்தரப் பார்த்து ஒருத்தர் எழுதினீங்களா?" என்றேன். நாடகக் குரல் எங்கோ போய்விட்டது.

"இல்லங்க சேர்!" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது.

மேடம் எழுந்து வந்து முன் வரிசைச் சிறுமி ஒருத்தியிடம் குனிந்தார். "பதினெட்டு எப்படி வந்தது, மகள்?"

அவள் என்னைப் பார்த்தாள். இதுகூடத் தெரியாத ஆளை எதற்குக் கூட்டி வந்தீர்கள் என்பதுபோல ஒரு பார்வை. "மூணு தடவ நிறுப்பாங்க மேடம். ஒவ்வொரு தடவையும் சாக்குக்கு ஒரு கிலோ கழிச்சிருவாங்க."

"மழைன்னா ரெண்டு!" என்றான் பதினைந்துக்காரன். "தண்ணிக்கு ஒண்ணு. இன்னிக்கு மழைதானே?"

"கேள்வியில மழைன்னு இல்லடா!"

"வெயில்ன்னும் இல்லையே!"

"எங்க தோட்டத்து டிவிஷன்ல வெயில்லயும் ரெண்டுதான் கழிப்பாங்க" என்று பின்னாலிருந்து இன்னொரு குரல். சந்தை கூடிவிட்டது.

நான் கையைத் தட்டி அடக்கினேன். "சரி, சரி. என் கேள்வியில சாக்கே இல்லையேம்மா?"

"சாக்கு இல்லாம கொழுந்த எதுல சேர் கொண்டுபோவாங்க?" என்றாள் அந்தச் சிறுமி. "மடியிலயா?"

கடைசி பெஞ்சில் டீச்சர் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. பள்ளி விட்டதும் அம்மாவுக்குத் தேத்தண்ணிப் போத்தலைத் தூக்கிக்கொண்டு கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு ஓடியவன் நான். தராசின் முள் ஒன்று சொல்லும், கணக்கப்பிள்ளை வேறொன்று சொல்வார். அதை எத்தனை தடவை பார்த்திருப்பேன். அதையெல்லாம் விட்டுவிட்டு, படகையும் இறாலையும் எழுதியவர்களைப் போலவே, நானும் நடக்காத ஒரு தோட்டத்துக்குக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

மேடம் என்னிடம் வந்து தாழ்ந்த குரலில், "இந்தக் கேள்வியை இப்படியே போட முடியாது, சேர்" என்றார்.

"விளங்குது மேடம்."

"ஆனால் பாடம் விழுந்துபோகவில்லை. மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கிறதுதானே? கேள்வியை அவர்களே எழுதட்டும். நீங்கள் சோக்கைப் பிடியுங்கள்."

அன்று நான் என் வகுப்பில் எழுத்தராக வேலை பார்த்தேன். பிள்ளைகள் சொன்னார்கள், நான் எழுதினேன். பறித்தது எவ்வளவு, கழித்தது எவ்வளவு, பதிந்தது எவ்வளவு என்று கரும்பலகையை மூன்றாகப் பிரித்தார்கள். மழை நாளுக்குத் தனிக் கணக்கு. கூட்டத் தெரியாத பிள்ளைகள் என்று நான் கலங்கினேனே, அவர்கள் கூட்டிக் கழித்து, திரும்பக் கூட்டிச் சரிபார்த்துவிட்டு, "கையெழுத்துக் கோணலா இருக்கு சேர்" என்று என்னையும் திருத்தினார்கள்.

அப்போதுதான் பதினைந்துக்காரன் கேட்டான். "சேர், சாக்கு நெசமாவே ஒரு கிலோ இருக்குமா?"

நான் மேடத்தைப் பார்த்தேன், மேடம் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் எழுந்து, பகலுணவுக் கூடத்துக்குப் போய், ஒரு வெற்றுச் சாக்கையும் பருப்பு நிறுக்கிற தராசையும் தூக்கிக்கொண்டு வந்தார். சாக்கை மடித்து வைத்தோம். எல்லோரும் தராசைச் சுற்றிக் குனிந்ததில் எனக்கு முள்ளே தெரியவில்லை. பிள்ளைகளின் முகம்தான் தெரிந்தது. முள் ஒரு கிலோவுக்குக் கிட்டவும் வரவில்லை என்று அதிலேயே எழுதியிருந்தது.

"அம்மாகிட்ட சொல்லணும்" என்றாள் அந்தச் சிறுமி, தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அடுத்த சனிக்கிழமை இதுதான் பேச்சு. சாக்கின் எடையைப் புத்தகத்தில் போடலாமா, போட்டால் தோட்டத்துரை பாடசாலை அதிபரைக் கூப்பிட்டுக் கேட்பாரா என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். மேடம்தான் வழி சொன்னார். விடையைப் போடவேண்டாம். 'ஒரு வெற்றுச் சாக்கை நிறுத்துப் பாருங்கள்' என்று எழுதி, கீழே வெறும் கோடு விடுவோம். ஒவ்வொரு பாடசாலையும் தானே நிறுத்து நிரப்பட்டும். எல்லோரும் கை தூக்கினார்கள். நான் இரண்டு கையையும் தூக்கினேன், ஒன்றைத்தான் எண்ணினார்கள்.

துணைநூல் வந்துவிட்டது. பாடம் உள்ளே இருக்கிறது, மழை நாள் கணக்கும் வெற்றுக் கோடுமாக. டீச்சர் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஒங்க பாடம், ஒங்க பாடம்னு ஊரெல்லாம் சொன்னீங்களே சேர், இதுல ஒங்க வரி ஒண்ணையும் காணோமே?"

"தலைப்பப் பாருங்க டீச்சர்."

"'கூட்டலும் கழித்தலும்'னு போட்டிருக்கு."

"அதுல அந்தக் கூட்டல் என்னுது" என்றேன்.

டீச்சர் பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினார்.