பசுந்தாங்கில் வங்கி மூடிய மாலை

போன வாரம் அரசாங்கத்தின் மக்கள் கடையில் சோப்புக்காக வரிசையில் நின்றேன். என் முறை நெருங்கியபோது தற்செயலாக மேலே பார்த்தேன். மேல் தட்டாகப் போட்டிருந்த பலகையின் அடிப்பக்கம் சிவப்புப் பெயிண்டில் தமிழ் எழுத்துகள் தெரிந்தன. தலைகீழாக இருந்தாலும் என் எழுத்து எனக்குத் தெரியாதா? இயந்திரப் படம் வரையும் வகுப்பில் பழகிய கை அது. எல்லா எழுத்தும் ஒரே உயரம், ஒரே அகலம். கடைசி 'து' மட்டும் இடம் போதாமல், நெரிசலான பஸ்ஸில் ஏறியவள் போல் ஒடுங்கி நிற்கும். ஸ்கேல் வைத்து எழுதியும் இடம் போதவில்லை என்பதை என் படிப்பின் பெருமையாகச் சொல்ல முடியாது.

கடையில் இருந்த பெண்ணுக்கு முகம் நம் முகம், கன்னத்தில் தனகா மரப்பட்டைப் பூச்சு, பெயரும் பேச்சும் பர்மியம். "அக்கா, அது இந்தியா எழுத்தா? என்ன எழுதியிருக்கு?" என்று பர்மியத்தில் கேட்டாள். சொன்னேன். இதில் என்ன இருக்கிறது என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினாள். பின்னால் நின்ற அம்மாள் என் முதுகில் கூடையால் இடித்ததால் மிச்சத்தைச் சொல்ல முடியவில்லை. அவளிடம் சொல்லாத மிச்சத்தை உங்களிடம் சொல்கிறேன். உங்கள் கையில் கூடை இல்லையே.

அந்தப் பெயிண்ட் வாசனையை நினைத்தாலே எனக்குக் கருகிய தேயிலை வாசனையும் கூடவே வந்துவிடும். இரண்டும் ஒரே மாலையில் மூக்கில் ஏறியவை. பர்மாவில் பெரிய நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போன வருடம் அது. எங்கள் பேட்டையான பசுந்தாங்கில் கடைகளின் பெயர்ப் பலகையெல்லாம் இறங்கி, அரசாங்கம் எண் போட்ட பலகைகள் ஏறிக்கொண்டிருந்தன. நான் அப்போது ரேடியோ பழுதுபார்க்கும் வகுப்பில் இருந்தேன். அந்த வகுப்பிலேயே நான் ஒருத்திதான் பெண். சாயங்காலத்தில் மட்டும் ஞானம் சாரிடம் சரித்திரம் படிக்கப் போவேன்.

ஞானம் சார் எங்கள் மிஷன் பள்ளி வாத்தியார். ஒல்லியான ஆள், குரல் மட்டும் வேறு யாரிடமோ இரவல் வாங்கி வந்ததுபோல் கனமாக இருக்கும். பள்ளியை அரசாங்கம் எடுத்துக்கொள்ளப்போகிறது என்று பேச்சாக இருந்தது. எந்த வாத்தியார் இருக்கலாம், எவர் போகலாம் என்று வட்டாரக் குழுத் தலைவர் ஊ தின் சிபாரிசு எழுத வேண்டும். சாருடைய பெயரும் அவர் மேஜைமேல் கிடந்தது. போவதென்றால் இந்தியாவுக்குக் கப்பல்தான். அதைப் பற்றி யாராவது கேட்டால் சார் சொல்வார்: "நான் பொறந்தது இந்தத் தெரு. கப்பல் ஏறுனா எந்த ஊர்ல எறங்குறது?" சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அதைச் சொன்ன பிறகு, சுத்தமாக இருக்கும் கரும்பலகையை இன்னொரு தடவை துடைப்பார்.

அப்போது பாடம், இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் அமெரிக்கக் கண்டத்தில் வந்த நெருக்கடி. எங்களுக்கு அது மண்டையில் ஏறவே இல்லை. கோதுமை அதிகம், பருத்தி அதிகம், விலை விழுந்தது, அதனால் ஜனங்கள் பட்டினி என்று புத்தகம் சொன்னது. "வெல எறங்குனா நல்லதுதானே சார்?" என்று வகுப்பே கேட்டது. பால்மாவு வந்திருக்கிறது என்று காதில் விழுந்தாலே வரிசையில் போய் நிற்கும் பிள்ளைகள் நாங்கள். பொருள் நிறைய இருப்பது எப்படிக் கஷ்டமாகும்? பிரேசிலில் காப்பிக்கொட்டையை மூட்டை மூட்டையாகக் கொளுத்தினார்கள், ரயில் எஞ்சினில்கூடக் கரிக்குப் பதில் போட்டார்கள் என்று சார் சொன்னபோது, ஜன்னலுக்கு வெளியே வடைக் கூடையோடு நின்றிருந்த முனியம்மா அக்கா தலையை உள்ளே நீட்டினாள்.

"பைத்தியக்காரப் பயலுவ. ஒரு மூட்டைய இங்கிட்டு அனுப்பக் கூடாதா?"

புத்தகத்தால் புரிய வைக்க முடியாது என்று சார் அன்றைக்குத்தான் முடிவு செய்தார். மிஷன் கோயில் இளைஞர் மன்றத்தின் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்கு இதையே நாடகமாகப் போடுவது. வழக்கமான வேதாகம நாடகத்துக்கு வேண்டிய தாடிகளை எலி கடித்துவிட்டதும் ஒரு காரணம்.

பட்டியல் போடாமல் எனக்கு எந்த வேலையும் ஓடாது. காப்பி எரிக்கும் காட்சிக்குப் புகை, வங்கிக் காட்சிக்குப் பலகை, வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க அணை கட்டும் காட்சிக்கு மண்வெட்டி, அமெரிக்க அதிபர் பேசும் காட்சிக்கு ரேடியோ. மண்வெட்டி கோயில் தோட்டக்காரரிடம் கிடைத்தது. பலகையை நானே எழுதினேன். காப்பிக்குப் பதில், பக்கத்துத் தேநீர்க்கடை கோ சான் வடிகட்டிப் போட்ட தேயிலைச் சக்கையை உலர்த்தி எரிப்பதாக ஏற்பாடு. ரேடியோவும் அவருடையதுதான், தெருவிலேயே பெரிய வால்வு செட். அந்த அதிபர் வங்கிகளை மூடிவிட்டு, பிறகு ரேடியோவில் வீட்டு மனிதர் மாதிரி ஜனங்களோடு பேசினாராம். அந்தப் பேச்சு நிஜ ரேடியோவிலிருந்தே வர வேண்டும் என்பது என் ஆசை. ஒரு பழைய தொலைபேசியின் வாய்ப்பகுதியைக் கழற்றி, ரேடியோவில் கிராமபோன் இணைக்கும் துளையில் கம்பி கொடுத்தேன். சார் திரைக்குப் பின்னால் பேச, குரல் மேடைமேல் செட்டில் வரும். முதல் முறை வந்தபோது, சொன்னால் வெட்கம், நானே கைதட்டிக்கொண்டேன்.

கோ சான் ஒரு நிபந்தனை போட்டார். அந்த செட்டிலிருந்து கம்பி இழுத்து அவர் கடைச் சுவரில் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி வைத்திருந்தார். செட் எங்கே போனாலும் கடைப் பெட்டி சும்மா கிடக்கக் கூடாது; சத்தம் நின்றால் வாடிக்கைக்காரர்கள் எழுந்து போய்விடுவார்கள். நாங்களும் சம்மதித்தோம். டீ குடிக்கிறவர்களும் நாடகம் கேட்கட்டுமே. நாடகம் நடக்கும் கோயில் கூடத்து ஜன்னல் வழியாகக் கடைக்கு ஒரு கம்பி போயிற்று.

ஞாயிறு மாலை காப்பி எரிந்தது. தேயிலைச் சக்கையில் ஈரம் இருந்ததால் கூடம் முழுக்கப் புகை. பாதிரியார் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு பிரேசிலைப் பார்த்தார். அடுத்து வங்கிக் காட்சி. பலகை தொங்கியது. ரேடியோ கரகரத்தது. சாரின் இரவல் குரல் எழுந்தது: "பொதுமக்கள் கவனத்துக்கு. எல்லா வங்கிகளும் மூடப்படுகின்றன. யாரும் பதற வேண்டாம்."

கூடத்தில் இருந்தவர்களுக்கு இது அமெரிக்கா என்று தெரியும். தேநீர்க்கடையில் இருந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? சுவர்ப் பெட்டியில் வந்தது ரேடியோ. ரேடியோ பதற வேண்டாம் என்கிறது. சில மாதம் முன்புதான் ஒரு அறிவிப்பில் கைப்பணம் காகிதமாகியிருந்தது. பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தார்கள்.

இந்த ஊர் அரசாங்கம் தமிழில் ஏன் பேசுகிறது என்று ஒருவருக்குமா தோன்றவில்லை? இதைப் பிற்பாடு முனியம்மா அக்காவிடம் கேட்டேன்.

"நல்ல சேதின்னா அவன் பாசையில சொல்லுவான். கெட்ட சேதியத்தான் நமக்குப் புரியற மாதிரி சொல்லுவான்" என்றாள்.

இதைவிட வேடிக்கை, கூடத்தில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் செய்தது. வெளியிலிருந்து வந்த மச்சானும் கொழுந்தியாளும் வாசலில் நின்று கையசைத்து, "பேங்க மூடிட்டானாம், ரேடியோல சொல்லிட்டான்" என்றார்கள். மேடையில் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திடுக்கிட்டு எழுந்து ஓடினார்கள். அணை கட்ட ஆரம்பித்தபோது கூடத்தில் பாதிரியாரும் சில கைக்குழந்தைகளும்தான் மிச்சம்.

நோட்டு செல்லாமல் போவதற்குள் அதை எதுவாகவாவது மாற்றிவிட வேண்டும். ஞாயிறு மாலை எந்தக் கடை திறந்திருக்கும்? ஓடைக்கரையில், பானை செய்யும் ஊரான த்வாண்டேயிலிருந்து வந்த பானைப் படகு ஒன்று, மறுநாள் சந்தைக்காகக் காத்துக் கிடந்தது. தெருவே அங்கே இறங்கியது. பேரம் இல்லை. தண்ணீர்ப் பானை, ஊறுகாய் ஜாடி, பூந்தொட்டி என்று கையில் அகப்பட்டதை எல்லாம் வாங்கினார்கள். படகுக்காரருக்கு இது என்ன திருவிழா என்று புரியவில்லை, கேட்காமல் விற்றார். நாங்கள் கூடத்தைப் பூட்டிவிட்டு வெளியே வந்தபோது, தெருவில் எதிரே வந்த எல்லோர் இடுப்பிலும் ஒரு பானை.

மறுநாள் காலை எல்லா அலுவலகமும் வழக்கம்போல் திறந்தது. வதந்தி பரப்பியது யார் என்று விசாரணையும் திறந்தது. அந்த நாளில் அது சின்னக் குற்றமில்லை. ஊ தின் சாரைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். கம்பி விவரம் சொல்ல நானும் போனேன். படியேறும்போது சார் மெல்லச் சொன்னார்: "எறங்கற ஊரு யோசிச்சுக்கணும் போலிருக்கும்மா."

அந்தப் படியில் ஏறவே வழியில்லை. படிக்கு ஒரு பானை. மேலே கூடத்தில் ஊ தின் நாற்காலியில் இருந்தார். அவரைச் சுற்றிக் கால் வைக்க இடமில்லாமல் ஜாடிகள். அவர் மனைவி டோ மியா முந்தைய மாலை கோ சான் கடைக்குப் பலகாரம் வாங்கப் போயிருந்திருக்கிறார். பெட்டியில் வந்ததை முனியம்மா அக்கா பர்மியத்தில் அவருக்குச் சொல்லியிருக்கிறாள். இந்த வட்டாரத்திலேயே அதிகம் பானை வாங்கியவர் அவர்தான்.

ஊ தின் கடுமையான குரலில் ஆரம்பித்தார். வதந்தியை நம்பி ஓடியவர்களின் அறியாமையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, படகுக்காரன் பானைகளைத் திரும்ப எடுத்துக்கொள்வானா என்று உள்ளேயிருந்து டோ மியா கேட்டார். ஊ தின் இருமினார். சார் ஒரு ஜாடியின் மூடியை மிகுந்த அக்கறையோடு பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். சிரித்திருந்தால் நானும் கப்பலில் போயிருப்பேன்.

தீர்ப்பு இதுதான்: அதே நாடகத்தை வட்டாரம் முழுவதற்கும் பர்மியத்தில் மறுபடி போட வேண்டும். இது நம் நாடில்லை, அமெரிக்கா என்று ஒவ்வொருவருக்கும் விளங்க வேண்டும். விளங்கினால் சாருக்கு நல்ல சிபாரிசு. விளங்காவிட்டால் என்ன என்று ஊ தின் சொல்லவில்லை.

இந்த முறை கூடம் நிரம்பியது. ஊ தின் முதல் வரிசை. கடைப் பெட்டிக் கம்பியை நானே கழற்றிவிட்டேன். ரேடியோவில் வங்கி மூடியது. தெரு முழுக்கத் தன்னைப் பார்த்தே சிரித்தது. அணையும் கட்டி முடித்தோம். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார் சார். கடைசி வரிசையில் முனியம்மா அக்கா எழுந்தாள். தமிழில்தான் கேட்டாள்.

"அந்த ஊர்ல பேங்க மறுபடி தொறந்தானா சார்?"

"தொறந்தாங்க."

"காசு கெடச்சுதா?"

சார் ஒரு கணம் முதல் வரிசையைப் பார்த்தார். "எல்லாருக்கும் இல்ல. அநேகம் பேருக்குக் கெடச்சுது."

"அப்ப அது வேற ஊருதான்" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

தமிழ் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் திடீரென்று தொண்டையைச் செருமினார்கள். ஊ தின் திரும்பினார். அந்த அம்மாள் என்ன சொன்னாள் என்று சாரிடம் கேட்டார். சாருடைய வேலை, தெரு, கப்பல் எல்லாம் அந்த ஒரு பதிலில் தொங்கின. சார் கண் இமைக்கவில்லை. தன் நல்ல பர்மியத்தில் நிதானமாகச் சொன்னார்: இது நம் நாடில்லை, வேறு நாடு என்று அவளுக்கு விளங்கிவிட்டதாம்.

ஊ தினுக்குப் பரம திருப்தி. சிபாரிசில் 'முதலாளித்துவத்தின் வீழ்ச்சியைப் பாமரருக்கும் விளங்க எடுத்துரைப்பவர்' என்று எழுதினார்.

சார் இருந்தார். இப்போது தின்கன்ஜூன் பேட்டையில் சரித்திரம் சொல்லித் தருகிறார், பர்மியத்தில். மற்றவர்கள்தான் இல்லை. முனியம்மா அக்கா கப்பல் ஏறியபோது த்வாண்டே ஜாடி ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துப் போனாள். துறைமுகத்தில் சோதனைக்காரர் அதற்குள் கைவிட்டுத் துழாவினாராம், நகை இருக்கும் என்று. கோ சானின் செட்டும் சுவர்ப் பெட்டியும் போய்விட்டன. கோயில் கூடம் ஏதோ கிடங்காகிவிட்டது. பலகை அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

நேற்று மறுபடி சோப்புக்குப் போனேன். சோப்பு இல்லை. காலித் தட்டின்மேல் அந்தப் பெண் பலகையைக் கழற்றி, நிமிர்த்தி, தெருவைப் பார்க்கச் சாய்த்து வைத்திருந்தாள். 'வங்கி மூடப்பட்டது'. மூடியிருக்கிறது என்று அர்த்தம் சொன்னது நான்தானே? என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். வரிசை வாசலைத் தாண்டி நீண்டிருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தபடியே அமைதியாக நின்றார்கள். ஒருவரும் ஓடவில்லை.