எட்வின் சார் கடக்கப் பயந்த ஆறு

நேற்று பெருங்களத்தூர் சிக்னலில் நின்றபோது ஸ்டெல்லா அக்காவிடமிருந்து போன். "தம்பி, சார் போயிட்டாருப்பா. ஆபரேஷன் தியேட்டர்லயே..." பச்சை விழுந்து, பின்னாலிருந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துத் தீர்த்தும் பைக்கைக் கிளப்ப மறந்து நின்றேன்.

அக்காவின் கணவர் எட்வின் சார், மறைமலை நகரில் எங்கள் உதிரிபாகத் தொழிற்சாலையின் தர ஆய்வாளர். லென்ஸ் வைத்து இரும்பில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிப்பவர். அவர் ஓய்வு பெற்றபோது ஹாலந்து வாடிக்கையாளர் ஒருவர், தம் நாட்டுப் பழைய ஓவியம் ஒன்றின் பெரிய பிரதியைப் பரிசளித்தார். சாக்லேட் எதிர்பார்த்த நாங்கள் நொந்துபோனோம்.

மலைமேல் பொன் வெயில், இடிந்த கோபுரம். கீழே நிழலில் ஓர் ஆறு. கரையில் மாடுகளோடு தயங்கி நிற்கும் மனிதர்கள். செலையூர் வீட்டு ஹாலில் மாட்டினார். ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர்கள், பரலோகம் போகிறவர்கள் கடக்கும் யோர்தான் நதியென்றே தோத்திரம் சொன்னார்கள்.

"இல்லீங்க, மழையிலயே கெடக்கற ஹாலந்துக்காரன் இத்தாலி வெயிலுக்கு மயங்கி வரைஞ்சது" என்பார் சார்.

"தாம்பரம் வந்திருந்தா வேர்க்குருவையும் வரைஞ்சிருப்பான்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"வெயில எங்கய்யா வரைஞ்சான்? மாட்டு முதுகுல ஒரு கோடு, இலை நுனியில ஒரு புள்ளி. மீதிய நம்ம கண்ணே போட்டுக்குது."

இதய வால்வை மாற்றவேண்டும் என்று டாக்டர் சொன்னதோடு அந்தச் சிரிப்பு நின்றது. லென்ஸும் கையுமாகப் படத்தை அங்குலம் அங்குலமாகத் துழாவினார்.

"பொழுது சாயுது. இவங்க அந்தக் கரைக்குப் போயாகணும். ஆழம் எவ்வளவுன்னு எங்கயுமே காட்டலய்யா."

"பாலத்துக்கு டெண்டர் விட்டிருப்பாங்க சார்."

சிரிக்கவில்லை. "பயமா இருக்குய்யா" என்றார்.

ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்ளும் வீரன் நான். பயம் எனக்கும் தொற்றிக்கொள்ள, அக்கா கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

இன்று அந்தப் படத்தின் கீழேதான் ஐஸ் பெட்டியில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். வாசற்படி தாண்ட எனக்குத் துணிவில்லை.

"உள்ள வாப்பா. முகத்தப் பாரு" என்றார் அக்கா.

முகத்துக்குப் பயந்து படத்தைப் பார்த்தேன். அத்தனை தொலைவில் நின்று நான் அதைப் பார்த்ததே இல்லை. பயம் வந்தபின் சாரும் லென்ஸைவிட்டு விலகவில்லை. கிட்டே போனால் வெறும் பழுப்புத் தீற்றலாகத் தெரிந்தது, இங்கிருந்து பார்க்க ஒரு நாய். ஆற்றின் நட்டநடுவில் நிற்கிறது. தண்ணீர் அதன் வயிற்றைக்கூடத் தொடவில்லை.

உள்ளே போனேன். கண்ணாடிமேல் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்:

"முழங்கால் தண்ணிதான் சார். போயிட்டு வாங்க."