கொசுறுக் கொத்தமல்லி

ஊரில் கண்டக்டர் என்று சொன்னால்தான் அவரைத் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், அப்படி யாரும் இந்தத் தெருவில் இல்லையே என்பார்கள். டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக் கிழித்தே தலை நரைத்து ஓய்வு பெற்ற மனிதர். ஆனால் வேலையைப் பற்றி அவர் பெருமை பேசி யாரும் கேட்டதில்லை. அவர் பெருமையெல்லாம் காய்கறி வாங்குவதில்தான். கத்தரிக்காயின் காம்பைப் பார்த்தே உள்ளே சொத்தையா இல்லையா என்று சொல்லிவிடுவார். கீரைக்கட்டைக் கையில் எடுத்து ஒரு உதறு உதறினால் போதும், அது காலையில் பறித்ததா நேற்றுப் பறித்ததா என்று தெரிந்துவிடும்.

பேரம் பேசிக் காசைக் கொடுத்த பிறகு இன்னொரு சடங்கு உண்டு. கடைக்காரியின் கூடையிலிருந்து ஒரு பிடி கொத்தமல்லியைத் தானே எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார். கொசுறு. "உன்னை மாதிரி நாலு பேரு வந்தா நான் கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான்" என்று அவள் திட்டுவாள். இவர் சிரிப்பார். அந்தத் திட்டை வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் வந்தால் அவருக்கு மார்க்கெட்டுக்குப் போய்வந்த மாதிரியே இருக்காது.

இப்படிப்பட்டவரைத்தான் வெளிநாட்டில் இருந்த மகள் விமானம் ஏற்றித் தன்னிடம் வரவழைத்தாள். அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்திருந்தது. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. நினைத்த நேரத்தில் இறங்கி வர முடியாது. கண்டக்டரின் மனைவிக்கோ முட்டி வலி. ஆகவே சமையல், கடை கண்ணி எல்லாம் கண்டக்டர் தலையில் விழுந்தது. மனிதர் அதற்காக அலுத்துக்கொள்ளவில்லை. அங்கேயும் மனுஷங்கதானே, அங்கேயும் காய்கறிதானே என்று துள்ளிக்கொண்டுதான் கிளம்பினார்.

மகள் ஒரு ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பில் ரத்தம் ஏறவே இல்லை. மாத்திரை போட்டால் வயிறு புரட்டியது. கீரை சாப்பிடு, தினமும் சாப்பிடு என்று டாக்டர் சொல்லியிருந்தார். விடுப்பு முடியும்போது கம்பெனி டாக்டர் சோதித்துப் பார்ப்பார். தேறினால் வேலை, தேறாவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள். வேலை போனால் அந்த நாட்டில் இருக்கவும் முடியாது. இதையெல்லாம் சொல்லிவிட்டு அவள் கடைசியில் ஒன்று சொல்லி வைத்தாள்.

"இங்க பாத்து நடந்துக்கணும்ப்பா. நம்ம பேர்ல ஒரு புகார் போச்சுன்னா போதும். என்ன ஏதுன்னு கேக்க மாட்டாங்க."

"நான் என்னம்மா பண்ணப் போறேன்? கீரை வாங்கப் போறேன்" என்றார் கண்டக்டர்.

வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு கடைகள் இருந்தன. ஒன்று பெரிய கண்ணாடிக் கடை. அங்கே கீரையைக் கழுவி, பெட்டியில் அடைத்து, மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்டியிருந்தார்கள். தொட முடியாது, முகர முடியாது, விலையைப் பார்த்தால் மயக்கம் வரும். இன்னொன்று பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த சின்னக் கடை. வாசலிலேயே மரப்பெட்டிகளில் காய்கள், தண்ணீர் தெளித்த கீரைக்கட்டுகள், விலையும் பாதிக்குப் பாதி. கண்டக்டருக்கு அதைப் பார்த்ததும் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு கட்டை எடுத்து உதறிப் பார்த்தார். இலை படபடவென்று சொன்னது. காலையில் பறித்ததுதான்.

கல்லாவில் இருந்த பெண்மணிக்கு இவர் பாஷை தெரியாது, இவருக்கு அவள் பாஷை தெரியாது. இயந்திரம் காட்டிய தொகையை மடிப்புக் கலையாத நோட்டாக எடுத்துக் கொடுத்தார். சில்லறையை வாங்கிக்கொண்டார். வியாபாரம் மனசுக்கு நிறைவாக நடந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில், கல்லாவுக்குப் பக்கத்துப் பெட்டியிலிருந்து ஒரு பிடி கொத்தமல்லியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, திட்டு வாங்கத் தயாராகச் சிரித்தார்.

திட்டு வந்தது. ஆனால் அதில் விளையாட்டு இல்லை. அந்தப் பெண்மணி பையைப் பிடித்து இழுத்தாள். உள்ளேயிருந்து தடியாக ஒருவன் வந்து வாசலை மறித்துக்கொண்டான். வரிசையில் நின்றவர்கள் தங்கள் பைகளை மார்போடு அணைத்துக்கொண்டார்கள்.

"கொசுறும்மா. கொசுறு" என்றார் கண்டக்டர். பிறகு காசு கொடுத்ததைக் கையால் நடித்துக் காட்டினார். கொத்தமல்லியைக் காட்டினார். சிரித்துக் காட்டினார். காசு கொடுத்துவிட்டுத்தானே எடுத்தேன் என்பதை எப்படி நடித்துக் காட்டுவது? எப்படி நடித்தாலும் திருட்டு மாதிரியே இருந்தது. ஆயுசு முழுக்க டிக்கெட் இல்லாதவர்களைப் பிடித்து இறக்கிவிட்ட மனிதர், அவர்கள் முழித்த முழியை அன்று தாமே முழித்தார். அந்தத் தடியன் செல்போனை உயர்த்தி அவரைப் படம் எடுத்துக்கொண்டான். கீரையைக் கொடுத்தார்கள், கொத்தமல்லியைப் பிடுங்கிக்கொண்டார்கள். இத்தோடு விட்டார்களே என்று அவர் வீட்டுக்கு வந்தார். மகளிடம் மூச்சு விடவில்லை.

அன்று மகள் கீரையைப் பிசைந்து ரசித்துச் சாப்பிட்டாள். "இங்க வந்து இப்படி ஒரு கீரை சாப்பிட்டதே இல்லப்பா" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு மறுபடியும் அதே கடைக்குப் போனார். வாசலைத் தாண்டவில்லை. கல்லாவுக்குப் பின்னால் சுவரில் சில முகங்களை அச்செடுத்து ஒட்டியிருந்தார்கள். தொப்பி போட்ட ஒரு பையன், கழுத்தில் பச்சை குத்திய ஒரு ஆள், அவர்களுக்கு நடுவில் கண்டக்டர். படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே என்ன எழுதியிருந்தது என்று அவருக்குப் படிக்கத் தெரியாது. படித்துச் சொல்ல ஆள் தேவையில்லை. அப்படியே திரும்பி நடந்தார்.

அதற்குப் பிறகு கண்ணாடிக் கடைதான். "அந்தச் சின்னக் கடையில சரக்கு சரியில்லம்மா" என்று மகளிடம் சொல்லி வைத்தார். பெட்டிக் கீரை மேலே பார்க்கப் பச்சைப் பசேலென்று இருக்கும். வீட்டுக்கு வந்து தாளைக் கிழித்தால் அடியில் பாதி கொழகொழவென்று அழுகியிருக்கும். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். முகராமல், உதறாமல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் ஏமாந்தார். தேறியதைக் கழுவிச் சமைத்துப் போட்டால் மகள் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள்.

"ஒரு வாடை அடிக்குதுப்பா. முன்னெல்லாம் நீங்க வாங்கினா கண்ண மூடிட்டு சாப்பிடுவேன். உங்க கை என்னப்பா ஆச்சு?"

"வயசாச்சும்மா" என்பார்.

அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது. கம்பெனி டாக்டரைப் பார்க்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. கண்டக்டர் நிஜமாகவே பயந்தார். சமையலறையில் அழுகல் இலைகளைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே ஒரு நாள் அழுதும்விட்டார்.

ஒரு காலையில் மகள் தானாக எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். "கொஞ்சம் நடக்கச் சொல்லியிருக்காங்கப்பா. வாங்க, அந்தச் சின்னக் கடையையும் ஒரு எட்டு பாத்துட்டு வருவோம்."

"அது வேண்டாம்மா. தூரம்."

"பஸ் ஸ்டாப்தானேப்பா, என்ன தூரம்?"

கண்டக்டர் பையை எடுத்துக்கொண்டார். கூடவே போனார். கடைக்கு முன்னால் வந்ததும் மூச்சு வாங்குகிறது என்று சொல்லிவிட்டு எதிரே பஸ் நிறுத்தப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். மகள் மட்டும் உள்ளே போனாள்.

கடையின் ஜன்னல் கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது. அவள் கீரைக்கட்டை எடுத்து அவரைப் போலவே ஒரு உதறு உதறினாள். கல்லாவுக்குப் போனாள். காசை எடுக்க நிமிர்ந்தவள் சுவரைப் பார்த்து அப்படியே நின்றாள். கல்லாப் பெண்மணி இவள் முகத்தைப் பார்த்தாள், திரும்பிச் சுவரைப் பார்த்தாள். பிறகு கண்டக்டரின் படத்தை விரலால் தொட்டுக்காட்டி இவளிடம் ஏதோ கேட்டாள்.

மகள் இல்லை என்று தலையாட்டினாள். அந்தப் பெண்மணி இன்னொரு தடவை கேட்டாள் போலிருக்கிறது. மகள் இன்னும் வேகமாகத் தலையாட்டினாள்.

கண்டக்டர் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வழியில் பையை அவரே வாங்கிச் சுமந்து வந்தார். வீட்டுக்கு வந்து அவர் பையைக் கவிழ்த்தபோது கீரையோடு ஒரு கட்டுக் கொத்தமல்லியும் விழுந்தது.

"இதுக்கும் காசு குடுத்தியாம்மா?" என்று பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டார்.

"குடுத்தேன்பா. இங்க எல்லாத்துக்கும் காசு." சமையலறை வாசலில் நின்றுகொண்டு அவள் நகத்தைக் கடித்தாள். "இனிமே நானே போய் வாங்கிக்கறேன். நீங்க அந்தப் பக்கம் வர வேண்டாம்."

"சரிம்மா."

அவள் அங்கேயே நின்றாள். "அப்பா, நான் உள்ள இருந்தப்ப நீங்க எங்க பாத்துட்டு இருந்தீங்க?"

"நானா? பஸ் வருதான்னு பாத்துட்டு இருந்தேன்."

கீரையைப் பொடிப்பொடியாக நறுக்கி, பதமாக வேகவைத்து, மேலே கொத்தமல்லி தூவி இறக்கினார். நல்ல கீரை. ஒரு வாடையும் இல்லை. மகள் தலை நிமிராமல் சாப்பிட்டாள். கேட்காமலே இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள். அவள் அப்படிச் சாப்பிட்டு அவர் பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. அன்றைக்கு அவருக்குத்தான் ஒரு வாய்கூட இறங்கவில்லை.