பட்டு அத்தையின் மராத்தி

புனேக்குப் பக்கத்தில் கசார்வாடியில் பட்டு அத்தைக்கு மாடியும் கீழுமாக ஒரு சின்ன வீடு. கீழே அத்தை, மாமா, ஹிஞ்சேவாடிக்கு வேலைக்குப் போகும் நான். மாடி வாடகைக்கு. இந்த மழைக்காலத்தில் அங்கே வந்து தங்கியவர்கள் கோகுல்நாத்தும் அவர் மனைவி ராஜஸ்ரீயும். கோயம்புத்தூரில் பிறந்து, கனடாவில் கால்கரியில் குடியேறியவர்கள். புனேயில் ஒரு காப்பகத்தில் வளரும் அக்காவையும் தம்பியையும் தத்தெடுக்க வந்திருந்தார்கள். மீனுவுக்குப் பத்து வயது, தருணுக்கு ஏழு. காகிதங்கள் நகரும்வரை காத்திருக்க வேண்டும்.

"ரூம்லயே உட்கார்ந்திருந்தா பித்துப் பிடிச்சுடும், கிளம்புங்கோ" என்று ஊர் காட்டும் பொறுப்பை அத்தை எடுத்துக்கொண்டாள்.

அத்தை காட்டிய புனேயில் ஒரு காப்பிப்பொடிக் கடை, ஓர் அப்பளக் கடை, பிஞ்சு முருங்கைக்காய் கிடைக்கும் ஒரு தள்ளுவண்டி, இரண்டு முருகன் கோயில்கள் இருந்தன. கோகுல்நாத் தயங்கித் தயங்கி, "மாமி, சனிவார் வாடான்னு ஒரு கோட்டை இருக்குதுங்களே?" என்று கேட்டார்.

"அதுவா? பஸ்ல போறச்சே இடது பக்கம் வரும். பார்த்துக்கோங்கோ."

"கால்கரியில இருந்து கிளம்பி கோயம்புத்தூருக்கே வந்துட்ட மாதிரி இருக்குதுங்க" என்றாள் ராஜஸ்ரீ என்னிடம், காப்பிப்பொடி மணக்கும் பையைப் பிடித்துக்கொண்டு.

காப்பகத்தில் குழந்தைகளைப் பார்க்க வாரத்தில் சில நாள் அனுமதி. இவர்களுக்கு மராத்தி தெரியாது. குழந்தைகளுக்கு மராத்தி மட்டும்தான் தெரியும். அங்கிருந்த பொறுப்பாளருக்கு ஆங்கிலம் வரும், ஆனால் அவருக்கு நூறு வேலை. மொழிபெயர்க்கவும் அத்தையே முன்வந்தாள்.

அத்தையின் மராத்தி முப்பது வருஷ மராத்தி. முழுவதும் காய்கறிக்காரியிடமும் ஆட்டோக்காரரிடமும் பழைய பேப்பர்காரரிடமும் கற்றது. கணீரென்று இருக்கும், யாரும் ஏமாற்ற முடியாது. கொஞ்சுவதற்கான சொற்கள் மட்டும் அதில் சேரவில்லை, தேவைப்படாததால்.

ஒருநாள் நானும் கூடப் போனேன். கோகுல்நாத் மீனுவின் முன்னால் மண்டியிட்டு, குரலை இறக்கிச் சொன்னார்: "மாமி, அவகிட்ட சொல்லுங்க. உனக்குன்னு தனி ரூம் இருக்குது, ஜன்னல்ல பார்த்தா தூரத்துல மலை தெரியும், பிடிச்ச கலர் அடிச்சுக்கலாம், எதுக்கும் பயப்பட வேண்டாம்னு."

அத்தை மராத்தியில் சொன்னாள்: "தனி ரூம். மலை உண்டு. கலர் உன் இஷ்டம். இதுக்கு மேலே கிடையாது."

மீனு யோசித்தாள். "தம்பிக்கு?"

"தம்பிக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

"பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கடைக்குப் போகிறவளைப் போல மீனு நடந்தாள். தருண் பின்னாலேயே ஓடினான்.

"கெட்டிக்காரி" என்றாள் அத்தை மலர்ந்த முகத்தோடு. "திரும்பிப் பார்க்காம போறா பாருங்கோ."

ராஜஸ்ரீயின் முகம் வெளுத்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமை ஓர் அதிகாரி மீனுவைத் தனியாகக் கூப்பிட்டு, இவர்களோடு போகச் சம்மதமா என்று கேட்பார். இவ்வளவு பெரிய பெண்ணை, இஷ்டமில்லாமல் அனுப்ப மாட்டார்கள். அக்கா என்ன சொல்கிறாளோ அதுதான் தருணுக்கும்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை, பொறுப்பாளர் துணையோடு குழந்தைகளை வெளியே அழைத்துப்போக அனுமதி கிடைத்தது. மீனு ஒரே ஓர் இடம் கேட்டாள்: லக்ஷ்மி ரோடு பக்கம் ஒரு குடைக்கடை, காப்பக வேனில் போகும்போது பார்த்தது. போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. கடை மூடியிருந்தது. புனேயில் பழைய கடைகள் மத்தியானம் தூங்கும் என்பது ஊருக்கே தெரியும். அத்தையின் காப்பிப்பொடிக்காரர் தூங்குவதில்லை, அதனால் அத்தைக்குத் தெரியாது. கதவில் நாலைந்து வரியில் ஒரு மராத்திப் பலகை. மேலே இருந்தது: 'ஒன்று முதல் நான்கு வரை ஓய்வு. கதவைத் தட்டினால் நான்கரை ஆகும்.'

மழை வேறு. எல்லோரும் படியில் ஒண்டிக்கொண்டோம். பொறுப்பாளர் போனில் பேசிக்கொண்டிருந்தார். கோகுல்நாத் சுட்ட சோளம் வாங்கி வந்தார். தருண் தன்னுடையதைத் தின்று முடித்து ராஜஸ்ரீயினுடையதையும் தொடங்கினான்.

மீனு அத்தையின் பக்கம் நகர்ந்தாள். "மாவ்ஷி, அங்கே போனப்புறம் இவங்களுக்கு எங்களைப் பிடிக்கலேன்னா?"

"ஏன் பிடிக்காது?"

"எங்க ரூம்ல ஒருத்தி இருந்தா. கூட்டிட்டுப் போனவங்க தீபாவளிக்குள்ளே திருப்பிக் கொண்டுவந்து விட்டுட்டாங்க."

அத்தை ஆறுதலாக ஒரு சொல்லைத் தன் முப்பது வருஷ மராத்தியில் தேடிப் பார்த்திருப்பாள். பிறகு சட்டென்று திரும்பி, பலகையின் கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"படி."

மீனு படித்தாள்: "விற்ற சரக்கு எக்காரணம் கொண்டும் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட மாட்டாது."

"புரிஞ்சுதா?"

"சண்டை போட்டாலும்?"

"போட்டாலும்."

"தம்பி படுக்கையை நனைச்சாலும்?"

"என்ன கேக்கறா மாமி?" என்றார் கோகுல்நாத்.

அத்தை தமிழில் சொன்னாள், ஒரு சொல் குறைக்காமல். ராஜஸ்ரீ எழுந்து வந்தாள். அவளுக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. அத்தையின் விரல் இருந்த இடத்தில் தன் விரலையும் வைத்து, மீனுவைப் பார்த்து, "நனைச்சாலும்" என்று தமிழிலேயே சொன்னாள். மீனு தருணைக் கூப்பிட்டு அந்த வரியை எழுத்துக்கூட்டிப் படிக்கவைத்தாள்.

திங்கட்கிழமை அதிகாரி கேட்டதும் மீனு சம்மதம் என்று சொல்லிவிட்டாளாம். அத்தைக்கு அதில் இன்றுவரை ஒரு குறை.

"கேட்ட உடனேயா சரிம்பா? இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சிருக்கலாம்" என்கிறாள். "புருஷன் பொண்டாட்டி ரெண்டும் இருந்த இருப்புக்கு, குழந்தைகளுக்கு ஆளுக்கொரு சைக்கிளும் சேர்த்துக் கொடுத்திருக்கும்."