வெடிக்குச் சரிவு கிடையாது

வெடி அலையைக் கம்ப்யூட்டரில் கணக்கிடுவதுதான் எழுபதுகளில் என் ஆராய்ச்சி. அழுத்தம் சட்டென்று எகிறும் இடத்தில் என் வரைகோடு ரம்பப் பல்லாய் ஆடியது. கணக்கில் காற்றைக் கொஞ்சம் தேன்போலப் பிசுபிசுப்பாக்கினால் ஆட்டம் அடங்கும், எல்லாரும் செய்வதுதான். நான் அளவுக்கு மீறிச் செய்தேன். கோடு வழவழப்பாகச் சரிந்து ஏறியது. பேராசிரியர் பாராட்டினார். அளவை மீறியதை நான் மறைத்துவிட்டேன்.

லீவில் நரிக்குடிப் பக்கம் அத்தை மகனைப் பார்க்கப் போனேன். கிணற்றுப் பாறைக்கு வெடி வைப்பது அவன் தொழில். அந்த வழவழப்பான கோட்டின் படத்தைப் பெருமையாக நீட்டினேன்.

"ஏலே மாப்ள, வெடி என்ன மெல்ல மெல்ல மேடேறியா வரும்?" என்று சிரித்தான். "அந்தா அந்த வேப்பமரத்துக்கிட்ட போயி நில்லு. இப்ப வைக்கப்போறேன்."

தூரத்தில் புகை எழுந்தது. ஆடுகள் நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தன. அடுத்த கணம் நெஞ்சில் ஒரே அடி. ஆடுகள் மொத்தமாகத் துள்ளின.

படத்திலிருந்த சரிவு நான் போட்டது என்று எனக்கு முன்பே தெரியும். உடம்புக்கு அப்போதுதான் உறைத்தது.

திரும்பிப் போனதும் பழைய ரம்பப் பல் படத்தைப் பேராசிரியர் மேசையில் வைத்து உண்மையைச் சொன்னேன். பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது.

இன்றும் மாணவர் யாராவது வழவழப்பான கோட்டை நீட்டினால், "இதுக்கு ஆடு துள்ளுமா?" என்று கேட்டுவிடுகிறேன். அவர்கள் விழிக்கிறார்கள்.