வெயிலில் உட்கார்ந்த அனுதாபி

எனக்கு அறுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஒன்றுகூட என்னைத் தலைகுனிய வைத்ததில்லை. இப்போது சார்ஜாவில் நடு மகன் வீட்டில், தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிற பேத்தியோடு இருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை ஜெபல் அலி தொழிலாளர் கேம்பிலிருந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த ஊர்ப் பையன்கள் இரண்டு பேர், சோற்றை ஆறவிட்டுச் சண்டை பிடித்தார்கள். அறையில் கூட்டாகச் சமைத்துச் சாப்பிடும் மெஸ்ஸில் யார் மெம்பர் என்று.

"பங்கு குடுத்தா மெம்பர்தாண்ணே."

"சமையல் டூட்டி பாக்காதவன் விருந்தாளிடா."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பத்து வயதில் இதே வழக்கைக் கேட்டவள் நான். இங்கே மெஸ், அங்கே கட்சி.

அப்பாவும் அம்மாவின் தம்பியான மாமாவும் சிவப்புக் கொடிக்காரர்கள். கட்சியைத் தடை செய்திருந்த காலம். கொடியைக் கண்டு கை தூக்குகிறவன் எல்லாம் நம் ஆள் என்பார் அப்பா. கட்சி கொடுத்த வேலையைச் செய்கிறவன்தான் உறுப்பினர், மற்றவன் வெறும் அனுதாபி என்பார் மாமா.

"வர்றவன் போறவனையெல்லாம் சேத்துக்க இது என்ன தேர்க்கூட்டமா அத்தான்?"

"நீ சொல்றபடி பாத்தா நீயும் உன் மூக்குக்கண்ணாடியுந்தான் மாப்ள மிஞ்சுவீங்க."

ஒருநாள் எங்கள் வீட்டில் ரகசியக் கூட்டம். மாமா என்னை வாசலில் நிறுத்தி, "உறுப்பினரைத் தவிர யாரையும் உள்ள விடாத. இது கட்சி உனக்குக் குடுத்த வேலை" என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இதை ஒழுங்காகச் செய்துவிட்டால் மாமா என்னையும் உறுப்பினராகச் சேர்த்துவிடுவார் என்று நம்பினேன்.

உச்சி வெயிலில் ஒரு வளையல்காரர் வந்தார். "மாமா இருக்காங்களா பாப்பா?"

"நீங்க உறுப்பினரா?"

அவர் தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "நான் வளையக்காரன்மா."

"கட்சி வேலை என்ன பாக்கறீங்க?"

"பெரிசா ஒண்ணுமில்ல. பேசுவேன்."

"பேச்செல்லாம் வேலையில்லன்னு மாமா சொல்லியிருக்காங்க. அப்ப நீங்க அனுதாபி. அந்த வைக்கப்போர்கிட்ட உக்காருங்க."

வளையல் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். உள்ளே, மேலிடத்துத் தலைவரை இன்னும் காணோமே என்று ஒரே கவலை. வெகுநேரம் கழித்து எட்டிப் பார்த்த மாமா, வைக்கோல்போரடியில் வேர்த்து வழிந்த ஆளைக் கண்டதும் விழுந்தடித்து ஓடினார். வளையல் பெட்டியோடு வேஷம் போட்டு வந்திருந்தவர்தான் தலைவர்.

"உங்க விதிப்படிதான் தோழர் உக்காந்திருக்கேன்" என்றார் அவர்.

அப்பா கொல்லைப்பக்கம் போய்ச் சிரித்துவிட்டு வந்தார். மாமா என்னை உறுப்பினராக்கவில்லை; கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை.

அன்று சாயங்காலம் முழுக்க, யார் உறுப்பினர் என்று அப்பாவும் மாமாவும் தலைவர் முன்னால் வாதாடினார்கள். அம்மா அத்தனை பேருக்கும் சோறு வடித்தாள், கட்சி நோட்டீஸ் கட்டை நெற்குதிருக்குள் புதைத்தாள், எச்சில் இலை எடுத்தாள். அவள் உறுப்பினரா, அனுதாபியா என்று ஒருவரும் பேச்செடுக்கவில்லை. வாசலில் வந்தவரை அத்தனை கேள்வி கேட்ட எனக்கும் அது தோன்றவில்லை.

பேத்திப் பாப்பா, இங்கே வா. எழுத்துக்கூட்டியாவது நான் எழுதிய இதைப் படித்துக் காட்டு. என் அம்மா வருகிற இடத்தை மட்டும் கொஞ்சம் மெதுவாகப் படி.